"எர்த் அடிக்கிறது" என்கிறோமே, அடிப்பது எர்த்தா?

2 ஜூன், காலை (கேள்வி)

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கைப்பிடியைத் தொட்டால் விரல் சுரீரென்கிறது. பார்க்க வந்த மின்பணியாளர் டெஸ்டரை வைத்து, அதன் சிவப்பு ஒளியைக் காட்டி, "எர்த் அடிக்கிறது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எர்த் என்பது நம்மைக் காப்பாற்றும் கம்பி என்றுதான் பள்ளியில் படித்தேன். காப்பாற்ற வேண்டியது எப்படி அடிக்கும்? கசியும் மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் போய் மறைந்துவிடுகிறது என்பது என் புரிதல். மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலும் எங்கோ ஓரிடத்தில் மண்ணோடு இணைந்திருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் மூன்றாவதாக ஒரு கம்பி எதற்கு?

2 ஜூன், இரவு (பதில்)

முதலில் அந்தச் சொற்றொடரை எடுத்துக்கொள்கிறேன். உங்களை அடித்தது ஃபேஸிலிருந்து, அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியிலிருந்து, வந்த கசிவு. எர்த் கம்பி சரியாக இருந்திருந்தால் அந்தக் கசிவு அதன் வழியே போயிருக்கும். பெட்டியின் உடலில் மின்னழுத்தம் ஏறியிருக்காது. உங்கள் விரலுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆகவே எர்த் இல்லாததால் வந்த அடிக்கு எர்த்தின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். குடை இல்லாமல் நனைந்து வந்தவன் "குடை நனைத்துவிட்டது" என்று சொல்வதைப் போன்றது இது. இருபது ஆண்டுகளாக மின்கருவிகளைப் பிரித்துப் பூட்டும் வேலையில் இருக்கும் நானும் பேச்சில் இதையேதான் சொல்கிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

3 ஜூன், காலை

இரவு எழுதியதை மீண்டும் படித்தபோது, அந்தச் சொற்றொடருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்துவிட்டேனோ என்று தோன்றியது. பெட்டியைத் தொட்டபடி தரையில் நிற்கும் மனிதர் அந்தக் கணத்தில் தாமே எர்த் கம்பியாகிவிடுகிறார். அந்தப் பொருளில் "எர்த் அடிக்கிறது" என்பது "எர்த் ஆகிவிட்டேன்" என்பதன் சுருக்கமாக இருக்கலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் இரண்டு கைகளையும் கொடுத்து வாங்கும் அடியிலிருந்து, கருவியின் உடலுக்கும் தரைக்கும் நடுவில் நின்று வாங்கும் அடியைப் பிரித்துக் காட்ட வேலைக்காரர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது, அகப்பட்டது இது. சொல்லில் தர்க்கம் தலைகீழாக இருந்தாலும், அது சுட்டும் பழுது எது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. எர்த் என்ற ஒரே சொல் மூன்று பொருள்களைச் சுமக்கிறது. காலுக்குக் கீழே இருக்கும் மண் ஒன்று. கருவியின் உலோக உடலோடு இணைந்திருக்கும் பச்சைக் கம்பி, அதாவது பாதுகாப்புக் கம்பி, இன்னொன்று. மின்சுற்றில் "இதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம்" என்று நாம் குறித்துக்கொள்ளும் புள்ளி மூன்றாவது. ஒரு வீட்டில் இம்மூன்றும் கம்பியால் இணைந்திருப்பதால் ஒன்றே போலத் தோன்றுகின்றன. ஆனால் மண் இல்லாமல் பாதுகாப்புக் கம்பி இருக்கலாம், அவை இரண்டும் இல்லாமல் பூஜ்யப் புள்ளி இருக்கலாம். மின்சுற்று வரைபடம் வரைபவர்கள் இதை உணர்ந்து மூன்று தனித்தனிக் குறிகளை வைத்திருக்கிறார்கள்: கீழே போகப் போகக் குறுகும் மூன்று கோடுகள் மண்ணுக்கு, ஒரு கோட்டின் கீழ்ச் சாய்வாகத் தொங்கும் சிறு கோடுகள் கருவியின் சட்டகத்துக்கு, தலைகீழ் முக்கோணம் சமிக்ஞைச் சுற்றின் பூஜ்யத்துக்கு. பேசும்போது மூன்றையும் எர்த் என்றே சொல்கிறோம்.

பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மண்ணோடு தொட்ட இணைப்புக்கு ஒரு சொல்லும், கருவியின் உலோக உடலைச் சுற்றின் பொதுப் புள்ளியாகக் கொள்வதற்கு வேறொரு சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் பிரிட்டிஷார் எர்த் என்பதை அமெரிக்கர்கள் கிரவுண்ட் என்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். தமிழில் புவித்தொடுப்பு, தரையிணைப்பு, புவி இணைப்பு என்று பல சொற்கள் எழுத்தில் உலவுகின்றன. எல்லாமே மண்ணை மட்டும் நினைவூட்டுவதால், முதல் குழப்பத்தை அவை அப்படியே வைத்துக்கொள்கின்றன.

3 ஜூன், மதியம்

திருத்தம். "இரண்டும் ஒன்றுதான்" என்று எழுதியது முழு உண்மை ஆகாது. அமெரிக்க மின்விதிகளில் "கிரவுண்டட் கண்டக்டர்" என்றால் நியூட்ரல். "கிரவுண்டிங் கண்டக்டர்" என்றால் பாதுகாப்புக் கம்பி. சொல்லின் வால் மாறினால் கம்பியே மாறிவிடுகிறது. ஒரு முறை ஓர் அமெரிக்கக் கருவியின் கையேட்டை அவசரத்தில் வாசித்து, நியூட்ரல் என்று சொல்லப்பட்டதைப் பாதுகாப்புக் கம்பி என்று எடுத்துக்கொண்டேன். மின்சாரம் கொடுக்கும் முன் மல்டிமீட்டர் காட்டிக்கொடுத்ததால் கருவியும் நானும் தப்பித்தோம்.

5 ஜூன்

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். "மின்சாரம் மண்ணுக்குள் போய் மறைந்துவிடுகிறது" என்பது நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் சித்திரம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் அதுவே வேதமாக இருந்தது.

மின்னோட்டம் எங்கிருந்து புறப்பட்டதோ அங்கேயே திரும்ப வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரம் புறப்படும் இடம் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள். அந்தச் சுருளின் ஒரு முனை ஃபேஸாக வருகிறது, மறுமுனை நியூட்ரலாக வருகிறது. நியூட்ரல் முனை டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் மண்ணோடு இணைக்கப்படுகிறது. ஃபேஸிலிருந்து கசிந்து மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டத்துக்கு மண்மேல் தனிப் பாசம் எதுவும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் மண்ணில் புதைந்திருக்கும் கம்பியைத் தேடிப்போய், அதன் வழியே சுருளின் மறுமுனையை அடைவதற்காகவே இறங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் மண்ணோடு இணையாமல் இருந்தால், ஃபேஸை மண்ணில் புதைத்தாலும் சொல்லத்தக்க மின்னோட்டம் ஓடாது.

சரி, மண் வழியே திரும்பும் பாதை எவ்வளவு நல்ல பாதை? 3 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட ஒரு கம்பியைச் சராசரியான ஈரமண்ணில் அடித்து இறக்குவதாக வைத்துக்கொள்வோம். மண்ணின் மின்தடைத்திறன் 100 ஓம் மீட்டர் என்றால், அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான மின்தடை ஏறத்தாழ 33 ஓம் வரும். கருவியின் உடல் இந்தக் கம்பியோடு மட்டும் இணைந்திருக்கிறது. உள்ளே ஃபேஸ் கம்பி உரசி உடலைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட்டை 33 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 7 ஆம்பியர். சாதாரணத் தண்ணீர் ஹீட்டரே இதைவிட அதிகம் எடுக்கும். மின்னோட்டம் அளவு மீறினால் சுற்றைத் துண்டிக்கும் 16 ஆம்பியர் பிரேக்கர் இதைப் பழுதாக எண்ணாது. யாரோ ஒரு கருவியைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாள் முழுவதும் சும்மா இருக்கும். கருவியின் உடலில் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும்.

இதை நான் கணக்கில் மட்டும் கண்டவன் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்க்கப் போனேன். இயந்திரத்துக்கெனத் தனியாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கம்பி இறக்கி, அதிலிருந்து நேராக இயந்திரத்தின் உடலுக்குக் கம்பி இழுத்திருந்தார்கள். குழிக்கு வாரம் தவறாமல் தண்ணீரும் ஊற்றினார்கள். ஆனால் இயந்திரத்தின் உடலுக்கும் குழியை விட்டுத் தள்ளியிருந்த மண்ணுக்கும் இடையே என் மீட்டர் 217 வோல்ட் காட்டியது. பிரேக்கர் விழவில்லை. "தனி எர்த் இருக்கிறதே, எப்படி அடிக்கும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. குழிக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதே கருவியின் உடலை வீட்டின் பாதுகாப்புக் கம்பியோடு இணைத்து, அந்தக் கம்பி வீட்டுக்கு மின்சாரம் நுழையும் இடத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலோடு உலோகப் பாதையில் இணைந்திருந்தால், சுற்று முழுவதன் மின்தடை அரை ஓம் அளவில் இருக்கும். அப்போது ஓடுவது 460 ஆம்பியர். பிரேக்கர் கண் இமைக்கும் நேரத்தில் விழும். பச்சைக் கம்பியின் முதல் வேலை இதுதான்: பழுதான மின்னோட்டம் மண்ணைத் தொடாமலேயே, செம்பின் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கு விரைந்து திரும்பி, பிரேக்கரைக் கோபப்படுத்த வேண்டும்.

5 ஜூன், இரவு

"அப்படியானால் குழி வெட்டுவது வீண் வேலையா?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்கத்தான் வேண்டும், காலையில் எழுதிய குறிப்பு அந்த எண்ணத்தை விதைத்துவிட்டது.

வீண் அல்ல. இடி விழும்போது அந்த மின்னோட்டத்துக்கு மண்ணே இலக்கு. அங்கே குழி தவிர்க்க முடியாதது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் உயர் அழுத்தச் சுருள் தாழ் அழுத்தச் சுருளோடு தொட்டுவிட்டால், வீட்டுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் புகாமல் தடுப்பதிலும் மண்ணிணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நியூட்ரலின் அழுத்தம் மிதந்துகொண்டிராமல் நம் காலடி மண்ணின் அழுத்தத்தை ஒட்டி இருப்பதும் அதனால்தான்.

மேலும் ஒன்று இருக்கிறது. கசிவுத் துண்டிப்பான், அதாவது ஆர்.சி.சி.பி., பொருத்திய வீட்டில் 33 ஓம் குழி தாராளமாகப் போதும். அந்தக் கருவி ஃபேஸில் போன மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. 30 மில்லியாம்பியர் குறைந்தால் எங்கோ வெளியே ஒழுகுகிறது என்று முடிவு செய்து துண்டித்துவிடும். 30 மில்லியாம்பியரை 33 ஓமால் பெருக்கினால் உடலில் ஏறும் அழுத்தம் ஒரு வோல்ட் மட்டுமே. பிரேக்கருக்குப் போதாத குழி ஆர்.சி.சி.பி.க்கு அரண்மனை வாசல். அந்தத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தேவைப்பட்டது ஒரு குடம் தண்ணீர் இல்லை, ஓர் ஆர்.சி.சி.பி.

7 ஜூன்

நேற்று முழுவதும் ஒரு சந்தேகம் குடைந்துகொண்டிருந்தது. "பூமி என்பது எவ்வளவு மின்னூட்டத்தையும் விழுங்கக்கூடிய எல்லையற்ற தொட்டி" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு கடத்திக் கோளமாகப் பூமியை வைத்துக்கொண்டால் அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் திறன், சுமார் 710 மைக்ரோஃபாரட். உள்ளங்கையில் அடங்கும் மின்தேக்கி ஒன்றில் இதைவிட அதிகம் உண்டு. பழைய ஒலிபெருக்கியைப் பிரித்தால் அப்படிப்பட்டவை இரண்டு நான்கு கிடைக்கும். மண்ணுக்குள் ஓர் ஆம்பியரைத் திரும்பும் வழியே இல்லாமல் ஒருவழியாகத் தள்ளிக்கொண்டிருந்தால், பூமியின் அழுத்தம் வினாடிக்கு 1,400 வோல்ட் வீதம் உயரும். எல்லையற்ற தொட்டி ஒரு நிமிடம்கூடத் தாங்காது.

இருந்தாலும் அந்த உவமையை அடியோடு தள்ளிவிடவும் மனம் வரவில்லை. கம்பளியில் உரசி உடலில் சேரும் நிலைமின்னூட்டத்துக்குப் பூமி உண்மையிலேயே தொட்டிதான். மனித உடலின் மின்தேக்குத்திறன் 100 பிக்கோஃபாரட் அளவில் இருக்கும்; பூமியினுடையது அதைப் போல எழுபது லட்சம் மடங்கு. உடல் பூமியைத் தொட்டால் மின்னூட்டம் கிட்டத்தட்ட முழுவதும் அங்கே போய்விடும். ஆக, தேங்கிக் கிடக்கும் மின்னூட்டத்துக்குப் பூமி தொட்டியாகும், ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்துக்கு ஆகாது. பிள்ளைகளிடம் இனி இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

"எர்த் என்றால் பூஜ்யம் வோல்ட்" என்பதும் இதே போலத்தான். மலையின் உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். கடலுக்கு ஆழமே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. அளப்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

8 ஜூன்

கேள்வி கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். பெட்டி புதியது, இன்வெர்ட்டர் வகை, காப்பு, அதாவது கம்பிகளைச் சுற்றிய மின்தடுப்பு உறை, பழுதாகியிருக்க வாய்ப்பில்லை என்கிறார். அப்படியானால் இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும்.

மின்னணுச் சுற்றுடன் வரும் கருவிகளில், இரைச்சல் வெளியே போகாமலும் உள்ளே வராமலும் தடுக்க நுழைவாயிலில் ஒரு வடிகட்டி இருக்கும். அதில் ஃபேஸிலிருந்து உடலுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து உடலுக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கும். உடல் எர்த்தோடு இணைந்திருந்தால் அவற்றின் கசிவு பச்சைக் கம்பி வழியே போய்விடும். இணைந்திருக்காவிட்டால், இரண்டு மின்தேக்கிகளும் 230 வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கிட்டு, உடலை 115 வோல்ட்டில் மிதக்கவிடும். எண்ணைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் 2.2 நானோஃபாரட் என்றால், தொடுபவர் வழியே ஓடக்கூடியது 0.16 மில்லியாம்பியர் மட்டுமே. மனிதர் உணரத் தொடங்கும் அளவு பொதுவாக 0.5 மில்லியாம்பியர் என்று வைத்திருக்கிறார்கள். ஆனாலும் விரல் நுனியால் மெல்ல வருடும்போது தொடும் இடம் மிகச் சிறியதாக இருப்பதால் அந்தச் சுரீர் தெரிந்துவிடும். மடிக்கணினியின் உலோக உடலை வருடும்போது சொரசொரப்பாகத் தோன்றுவதும் இதுவே.

டெஸ்டரை நம்பி இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய நூறு வோல்ட்டுக்கும் குறைவே போதும். மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர் கணக்கு. ஆளைக் கொல்லக்கூடிய நேரடித் தொடர்புக்கும் எரியும், தீங்கற்ற வடிகட்டிக் கசிவுக்கும் எரியும்.

அதற்காக "தீங்கற்றது" என்று நினைத்துத் தொட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். அந்தச் சுரீர் ஒன்றை உறுதியாகச் சொல்கிறது: உங்கள் பெட்டியின் எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இன்று வடிகட்டி கசிகிறது. நாளை கம்ப்ரஸர் சுருளின் காப்பு போனாலும் இதே உடல்தான், இதே விடுபட்ட கம்பிதான். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, சுவர் சாக்கெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

10 ஜூன்

பழைய உருண்டைக் கால் பிளக்கில் எர்த் கால் மட்டும் ஏன் தடிமன் என்ற வழக்கமான கேள்வி வந்திருக்கிறது. "அதிக மின்சாரம் தாங்குவதற்காக" என்பது பரவலான பதில். முக்கியக் காரணங்கள் இரண்டு. தடிமனாக இருப்பதால் ஃபேஸ் துளையில் தவறிக்கூட நுழையாது. நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். ஆகவே ஃபேஸ் இணைந்திருக்கும் எந்த நொடியிலும் உடல் பாதுகாப்பின்றி இருக்காது.

சில சார்ஜர்களில் அந்தக் கால் பிளாஸ்டிக்கில் இருக்கிறதே என்றால், அவை இரட்டைக் காப்பு வகையைச் சேர்ந்தவை. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி அவற்றில் இருக்கும். எர்த் தேவையில்லை, ஆனாலும் சாக்கெட்டின் கதவைத் திறக்க ஒரு கால் வேண்டும். அலுவலகத்தில் கதவு திறந்துவிடுவதற்கு மட்டும் சம்பளம் வாங்கும் ஆள் அது.

இந்தக் கால் குறித்து எனக்கு ஒரு பழைய பாவக் கணக்கு உண்டு. இளவயதில் ஒலி அமைப்புகள் பூட்டிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியும் கலவைக் கருவியும் வெவ்வேறு சாக்கெட்டில்; இரண்டையும் சமிக்ஞைக் கம்பி இணைக்கிறது. இரண்டு எர்த் கம்பிகளும் அந்தச் சமிக்ஞைக் கம்பியின் வெளியுறையும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் "ம்ம்ம்" என்று இரைந்தது. ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தபடி எர்த் காலில் நாடாவைச் சுற்றினேன், இரைச்சல் நின்றது. பெருமையாக இருந்தது. சில மாதங்களுக்குப் பின் ஒரு பாடகரின் உதடு ஒலிவாங்கியில் பட்டதும் அவர் துள்ளிப் பின்வாங்கினார். ஒலிபெருக்கியின் டிரான்ஸ்ஃபார்மர் காப்பு போயிருந்தது. நாடா என் வேலை. சமிக்ஞைக் கம்பியின் நடுவில், இரு பக்கங்களையும் நேரடிக் கம்பித் தொடர்பில்லாமல் பிரிக்கும் ஒரு சிறிய பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டிருந்தால் இரைச்சலும் போயிருக்கும், எர்த்தும் இருந்திருக்கும். நான் அறுத்தது பாதுகாப்புக் கம்பியை. தொல்லை கொடுத்தது சமிக்ஞையின் பூஜ்யம். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

11 ஜூன்

மண்ணே இல்லாத எர்த்துக்கு எடுத்துக்காட்டு கேட்டவருக்கு: கார். நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்கும் வண்டியில், மின்கலத்தின் ஒரு முனையை இரும்புச் சட்டகத்தில் பூட்டிவிட்டு அதை எர்த் என்கிறோம். விமானத்திலும் அப்படியே. இன்றைய கார்களில் எதிர் முனை சட்டகத்தோடு இணைகிறது. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர் முனை இணைந்திருந்தது. தொலைபேசி நிலையங்களில் இன்றும் 48 வோல்ட் மின்கலத்தின் நேர் முனையைத்தான் மண்ணோடு இணைக்கிறார்கள். புதைகம்பிகள் மின்வேதி அரிப்பால் கரையாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. "எர்த் என்றால் மைனஸ்" என்று மனப்பாடம் செய்தவர்கள் அதை மறந்துவிடலாம்.

12 ஜூன்

சிறு குறிப்பு. வேண்டுமென்றே எர்த்தைத் தவிர்க்கும் இடங்களும் உண்டு. அறுவை சிகிச்சைக் கூடங்களில் பிரிப்பு டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, அதன் இரு முனைகளில் எதையும் மண்ணோடு இணைக்காமல் விடுகிறார்கள். ஒரு கம்பி எங்காவது தொட்டுவிட்டாலும் திரும்பும் வழி இல்லாததால் பெரும் மின்னோட்டம் ஓடாது. கருவி அணைந்து சிகிச்சை நடுவில் நிற்காது. முதல் பழுதைக் காட்டிக்கொடுக்க ஒரு கண்காணிப்புக் கருவி ஒலி எழுப்பும். அதைச் சரிசெய்யாமல் விட்டு இரண்டாவது பழுதும் வந்தால்தான் ஆபத்து. கருவிகளின் உலோக உடல்கள் அங்கும் பச்சைக் கம்பியால் இணைந்தே இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தவிர்க்கப்படுவது மின்மூலத்தின் மண்ணிணைப்பு மட்டுமே.

14 ஜூன்

5ஆம் தேதி எழுதியதில் மண்ணை ஒரு மோசமான கடத்தி என்பது போல் காட்டிவிட்டேன். அதற்கு எதிரான சாட்சி வரலாற்றிலேயே இருக்கிறது. தந்தி வந்த காலத்தில் போவதற்கு ஒரு கம்பி, திரும்புவதற்கு ஒரு கம்பி என்று இரண்டு இழுத்தார்கள். 1838இல் ஜெர்மனியின் ஷ்டைன்ஹைல், திரும்பும் கம்பிக்குப் பதிலாக மண்ணையே பயன்படுத்தலாம் என்று காட்டினார். பாதிக் கம்பி மிச்சம். 1920களில் நியூசிலாந்தின் லாயிட் மண்டெனோ அதையே மின்விநியோகத்துக்குக் கொண்டுவந்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தொலைவில் சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்கு இன்றும் ஒற்றைக் கம்பியில் மின்சாரம் போகிறது. திரும்புவது மண் வழியே.

அப்படியானால் என் 33 ஓம் எங்கே போயிற்று? அது மண் முழுவதற்குமான தடை இல்லை. கம்பியை ஒட்டிய சில மீட்டர் மண்ணிலேயே அதில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. கம்பியை விட்டு விலக விலக மின்னோட்டம் எல்லாத் திசையிலும் பரவ இடம் கிடைப்பதால், அதற்கப்பால் எத்தனை கிலோமீட்டர் போனாலும் தடை அதிகம் கூடுவதில்லை. வாசல் குறுகல், உள்ளே மண்டபம் விசாலம். ஒற்றைக் கம்பி முறையில் 19,000 வோல்ட் அளவில் அனுப்புவதால் சில ஆம்பியரே போதும். வாசலையும் நன்றாக அகலப்படுத்தி வைக்கிறார்கள். 230 வோல்ட்டுக்கு அந்த வாசல் இடிக்கிறது.

அறுந்து விழுந்த மின்கம்பிக்கு அருகே ஓடக்கூடாது என்று சொல்வதும் இந்த வாசல் கணக்கால்தான். கம்பி தொட்ட இடத்தைச் சுற்றி ஒவ்வொரு அடிக்கும் மண்ணின் அழுத்தம் வேகமாகக் குறைகிறது. அகல அடி வைத்தால் ஒரு காலுக்கும் மறுகாலுக்கும் இடையே நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கலாம். கால்களைச் சேர்த்து வைத்து, சிறு சிறு நகர்வாக விலக வேண்டும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகமுள்ள மாடுகள் இதில் எளிதில் பலியாகின்றன. "எர்த் என்றால் பூஜ்யம்" என்பது அந்த இடத்தில் மண்ணுக்கே பொருந்துவதில்லை.

17 ஜூன்

கேள்வி கேட்டவரின் சாக்கெட்டைத் திறந்து பார்த்தார்களாம். பச்சைக் கம்பி சாக்கெட் பெட்டிக்குள் வந்திருக்கிறது; முனையில் நாடா சுற்றி, மடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். சாக்கெட்டின் எர்த் முனை வெறுமையாக இருந்திருக்கிறது. பணியாளர், "நியூட்ரலையும் எர்த்தையும் இங்கேயே ஒரு சிறு துண்டுக் கம்பியால் இணைத்துவிடட்டுமா, இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளையாக இவர் பொறுக்கச் சொல்லிவிட்டு எழுதிக் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். முதல் நாள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கும் இதுவே பதில். சாக்கெட்டில் அப்படி இணைத்தால் எல்லாம் சரியாக இருக்கும்வரை எல்லாம் சரியாகவே இருக்கும். பின்னால் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால், ஃபேஸ் பெட்டியின் உள்சுற்று வழியாக வந்து, அந்தத் துண்டுக் கம்பி வழியாக உடலில் ஏறி நிற்கும். பெட்டி ஓடாது, ஆனால் கைப்பிடியில் முழு 230 வோல்ட் இருக்கும். யாராவது ஃபேஸையும் நியூட்ரலையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் அதுகூடத் தேவையில்லை, பிளக்கைச் செருகியதுமே உடல் உயிர்பெறும். நியூட்ரல் வேலை நேரம் முழுவதும் மின்னோட்டத்தைச் சுமக்கும் கம்பி. பச்சைக் கம்பி பழுது வரும்வரை சும்மா இருக்க வேண்டிய கம்பி. ஒன்று அறுந்தால் மற்றது காப்பாற்ற வேண்டும் என்பதற்காகவே இரண்டாக இழுக்கிறோம்.

இங்கே ஒருவர் மடக்கலாம்: பல இடங்களில் மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்வழங்குநரே நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துத்தானே தருகிறார், நானும் 5ஆம் தேதி அதை வைத்துத்தானே 460 ஆம்பியர் கணக்குப் போட்டேன்? உண்மை. ஆனால் அது ஒரே இடத்தில், தடித்த கம்பியில், வழியெங்கும் பல இடங்களில் மண்ணோடு தொட்டு, அறுந்துபோகும் வாய்ப்பைக் குறைத்துச் செய்யப்படும் இணைப்பு. அங்கும் தெருவில் நியூட்ரல் அறுந்தால் ஆபத்து இல்லாமல் இல்லை. வீட்டிலுள்ள உலோக உடல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயிர்பெறக்கூடும். நுழைவிடத்துக்குப் பிறகு இரண்டும் மீண்டும் சந்திக்கக் கூடாது. சந்தித்தால் ஆர்.சி.சி.பி.யின் கணக்கும் குழம்பிக் காரணமில்லாமல் விழுந்துகொண்டிருக்கும்.

மடித்து வைத்த கம்பியை எடுத்துச் சாக்கெட்டின் எர்த் முனையில் பூட்டச் சொல்லுங்கள். பூட்டும் முன் அந்தக் கம்பியின் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நாடா சுற்றியவருக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

17 ஜூன், இரவு

நிறத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். பச்சை, அல்லது பச்சையில் மஞ்சள் கோடு என்று பார்த்துப் பழகியவர்கள் பழைய ஐரோப்பியக் கருவிகளில் கவனமாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 1960களின் நடுப்பகுதி வரை பாதுகாப்புக் கம்பியின் நிறம் சிவப்பு. என் அலமாரியில் இருக்கும் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் சிவப்புக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாகப் பின்வாங்குகிறது.

19 ஜூன்

மறுமுனை பிரதானப் பலகையின் எர்த் பட்டையில் சரியாகப் பூட்டப்பட்டிருந்ததாம். இடையில் எங்கும் அறுபடவில்லை. சாக்கெட்டில் பூட்டுவதற்கு முன் பெட்டியின் உடலுக்கும் எர்த் பட்டைக்கும் இடையே மீட்டர் 98 வோல்ட் காட்டியது; பூட்டிய பின் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. 115 வராமல் ஏன் 98 என்று கேட்கிறார். மீட்டரும் ஒரு சுமைதான். அதற்கென உள்ளே ஒரு மின்தடை இருப்பதால் மிதக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். காப்புப் பழுதாக இருந்திருந்தால் மீட்டரின் இந்தச் சிறு சுமைக்கு அது அசைந்துகொடுத்திருக்காது. வடிகட்டிக் கசிவு என்பதற்கு இது உறுதியான சான்று ஆகாது என்றாலும், அந்தப் பக்கம்தான் சாய்கிறது. எப்படியும் ஒரு முறை 500 வோல்ட் காப்புச் சோதனை செய்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

பணியாளர் கிளம்பும்போது, "இப்போது எர்த் அடிக்காது, எர்த் கொடுத்துவிட்டேன்" என்றாராம்.

20 ஜூன்

5ஆம் தேதிக் கணக்கில் ஒரு திருத்தம். டிரான்ஸ்ஃபார்மரின் அடியிலுள்ள மண்ணிணைப்புக்கும் ஒரு தடை உண்டு, அதை விட்டுவிட்டேன். அதை 2 ஓம் என்று கொண்டால் மொத்தம் 35 ஓம், மின்னோட்டம் 6.6 ஆம்பியர், உடலில் நிற்பது ஏறத்தாழ 217 வோல்ட். அந்தத் துணி துவைக்கும் இயந்திரத்தில் நான் அளந்த எண்ணும் அதுவே; இத்தனை துல்லியமாகப் பொருந்துவது தற்செயல், என் குழியின் தடையை நான் அன்று அளக்கவே இல்லை. பிரேக்கர் 6.6க்கும் விழாது.